மயில்பாய் ஜெர்மனிக்குப் போன கதை

என் பொன்னு லில்லி மைனிக்கு,

போய்விட்டு வந்துவிட்டேன். நீ போக ஆசைப்பட்ட இடத்துக்கு நீ இல்லாமல் போய், ஒரு வாரம் கூடாரத்தில் படுத்து, மழையில் நனைந்து, ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்திருக்கிறேன். சிரிக்காதே. அந்த இன்னொரு செருப்பு எங்கே போனது என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இதை நாலு பேர் வாசிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள் நீ. கணக்குச் சொல்லித் தர வருகிறேன் என்று என் வீட்டுக்கு வந்து வந்து, எனக்குக் கணக்கும் வரவில்லை, நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்டு மைனியாகிவிட்டாய். நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவளை மைனி என்று கூப்பிட எனக்கு வெட்கம். உனக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை. கல்யாணத்தன்றே பந்தலில் வைத்து, “நாத்தூனே, ஒரு கிளாஸ் வெள்ளம் கொண்டு வாறியா?” என்று சத்தமாகக் கேட்டு என் மானத்தை வாங்கினாய். நான் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டேன். நெய்யாற்றின்கரை ஆபீசில் வேலை முடிந்து பஸ் இறங்கினால் உன் வீடுதான் என் வீடு.

நம் இரண்டு பேருக்கும் இருந்த ஒரே கெட்ட பழக்கம் கானமேளா, கோயில் உற்சவத்துப் பாட்டுக் கச்சேரி. கும்ப மாதம், அதாவது மாசி, வந்துவிட்டால் எந்தக் கோயில் உற்சவத்தில் என்றைக்குப் பாட்டு என்று நமக்கு மனப்பாடம். பெருங்கடவிளை, திருப்புறம் என்று ஓரிடம் விடமாட்டோம். நாம் சபைக்குடும்பம், கோயில் பறம்பில் நமக்கு என்ன சோலி என்று சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் அண்ணனிடம் வந்து சொன்னார். அதே ஆள் அடுத்த வாரம் வறுத்த கப்பலண்டிக் கடலைப் பொட்டலத்தோடு நமக்குப் பின்னால் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார். “தோத்திரம் அண்ணே” என்று நீ திரும்பிச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அந்த மயில்பாயை வாங்கியதே அதற்காகத்தான். பச்சையும் சிவப்புமாக, நடுவில் இரண்டு மயில் எதிரெதிரே நிற்கும் பிளாஸ்டிக் பாய். வெயில் தாழும் முன்பே போய் மேடைக்கு முன்னால் விரித்துவிட வேண்டும். நான்கு மூலையிலும் செருப்போ கல்லோ வைத்தால் அது நம் இடம். பிறகு நாம் சாயா குடிக்கப் போகலாம், வளைக்கடைக்குப் போகலாம், வீட்டுக்கே கூடப் போய் வரலாம், ஒருவரும் தொடமாட்டார்கள். பிந்தி வருகிற ஆளுக்காக ஒரு ஓரத்தை மடக்கிப் போட்டிருந்தால் அந்த மடிப்பை நிமிர்த்த அடுத்த பாய்க்காரிக்குக்கூடத் துணிச்சல் வராது. நம் ஊரில் வேலியைத் தள்ளிப் போட்டுச் சண்டை பிடித்தவர்கள் உண்டு. உற்சவப் பறம்பில் பாயைத் தள்ளிப் போட்டவர்களை நான் பார்த்ததில்லை.

அப்புறம் உன் விசில். இரண்டு விரலை நாக்குக்கடியில் மடித்து நீ அடிக்கிற அடியில் மேடையில் பாடுகிறவன் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் தொடர்வான். எல்லோரும் எந்தப் பயல் என்று திரும்பிப் பார்ப்பார்கள். நீ சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முகத்தோடு இருப்பாய். பார்வையெல்லாம் என்மேல் விழும். எனக்கும் சொல்லித் தந்தாய். எனக்குக் காற்றுதான் வந்தது. உன் மகள் பென்சிக்கு அஞ்சு வயதிலேயே பிடிபட்டுவிட்டது. ஆனால் அவள் கானமேளாவில் அடிக்க வேண்டுமே! முதல் பாட்டு தொடங்கும்போதே பாயில் சுருண்டு உறங்கிவிடுவாள். கடைசிப் பாட்டு முடிந்து பாயைச் சுருட்டும்போது எழுந்து, “பாட்டு முடிஞ்சுதா? என்னை எழுப்பக் கூடாதா?” என்று அழுவாள். ஒவ்வொரு வருஷமும் இதே வழக்குத்தான்.

அந்தப் பென்சி நர்ஸ் படித்து ஜெர்மனிக்குப் போனதும், அங்கே நடக்கிற பாட்டு விழா வீடியோ ஒன்றை உனக்கு அனுப்பினாள். பெரிய மைதானம், ஏகப்பட்ட கூடாரம், ஒரு வாரம் முழுக்கப் பாட்டு. நீ போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்த்தாய். “இது நம்ம உற்சவம் தானே கிரேஸி, ஆனை மட்டும் இல்லை” என்றாய். அடுத்த வருஷத்துக்கு உனக்கும் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டாள் பிள்ளை. கூடாரத்தில் கால் நீட்ட இடம் உண்டா, குளிரில் உனக்கு மூட்டு வலிக்குமா என்று நீ பேசிக்கொண்டே இருந்தாய். ஓணம் கழிந்து ஒரு காலையில், தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டாய். ஏன் மைனி, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா?

பென்சிக்கு லீவு கிடைத்து அவள் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கல்லறையில் பூ வாடியிருந்தது. சில நாள் இருந்தாள், அழவில்லை. திரும்பிப் போன பிறகு வீட்டுக்கு வீடியோ காலில் வருவதை நிறுத்திவிட்டாள். அண்ணன் போனைப் பிடித்தால் பின்னால் உன் அடுக்களை தெரியும் அல்லவா? அதைப் பார்க்க முடியவில்லை அவளுக்கு. என்னிடம் மட்டும் பேசுவாள். அப்பா நலமா என்று கேட்பாள். அண்ணன் போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருப்பார். பஸ் ஓட்டின காலத்தில் ஊரையே ஹாரன் அடித்து எழுப்பின மனுஷன், இப்போது போன் மணி அடிக்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார். “கிரேஸி, பிள்ளை இனி இஞ்ச வரமாட்டா போலிருக்கு” என்றார் ஒருநாள். உன்னை அடக்கம் செய்த அன்றுகூட அவர் குரல் அப்படிக் கம்மியதில்லை.

அதனால்தான் போனேன். பாட்டுக் கேட்க மட்டுமல்ல. “நீங்க மட்டுமாவது வாங்க மாமி, டிக்கெட் சும்மா போவுது” என்று அவள் கூப்பிட்டபோது, பிள்ளையைக் கையோடு பேசி ஊருக்கு வர வைத்துவிட வேண்டும் என்ற நினைப்பில் புறப்பட்டேன். பெட்டியில் முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் வைத்தேன். எல்லாவற்றுக்கும் அடியில், சேலைக்குக் கீழே, மயில்பாயை மடித்து வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. ஒரு நல்ல நேரம் பார்த்து எடுத்து விரிக்கலாம் என்று இருந்தேன்.

நல்ல நேரம் எங்கே வந்தது? முதல் நாளே நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மைதானத்தில் கூடாரத்தை அடித்து முடித்து, கையில் டிக்கெட்டுக்குப் பதிலாகத் தந்த துணி நாடாவைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்ததுதான் தாமதம், ஆரம்பித்துவிட்டேன்.

“மக்கா, அம்மைக்க வருஷ நினைவு ஜெபத்துக்கு நீ வரணும் கேட்டியா. அப்பா ஆசைப்படுதாரு.”

அவள் தூங்கும் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே இருந்தாள். “அம்மை இல்லாத வீட்டுல எனக்கு என்ன சோலி மாமி?”

“பிள்ளே, அப்பா இல்லியா? நான் இல்லியா?”

“இனி இதப் பேசண்டாம். பேசினா நான் வெளிய போயிருவேன்.”

அவ்வளவுதான். வெளியே மழை பிடித்துக்கொண்டது, நான் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள், குறை சொல்லக் கூடாது. சாப்பாட்டு வரிசையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள், காதில் அடைக்கப் பஞ்சு உருண்டை தந்தாள். அங்கே சத்தம் என்றால் சத்தம், மைனி! காதில் விழுவதில்லை, நேரே நெஞ்சில் விழுகிறது. பெரிய பெரிய ஆட்கள் தலையில் பூ வைத்துக்கொண்டு சேற்றில் ஆடுகிறார்கள். கக்கூசுக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தால் உனக்கு உற்சவப் பறம்பே தேவலை என்று தோன்றியிருக்கும். ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகும் வெயில் அடிக்கிறது. எனக்கு ஜெபம் பண்ணிப் படுக்கவே மனசு வரவில்லை. அடுத்த கூடாரத்தில் ஒரு கிழவியும் கிழவனும், என்னை விட மூத்தவர்கள். முந்திரிக்கொத்து கொடுத்தேன். கல்லோ பலகாரமோ என்று சந்தேகமாகக் கடித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் டப்பாவையே எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். இதெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் திரும்புவேன். பக்கத்தில் பென்சி இருப்பாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அவளுக்கு உறக்கமே இல்லை என்பதை அங்கேதான் கண்டேன். எப்போது புரண்டு பார்த்தாலும் கண் விழித்திருக்கிறாள். கேட்டால், “நைட் டூட்டி பழக்கம் மாமி” என்றாள். நீ போன நாளிலிருந்து இப்படியாக்கும் என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. திறந்து ஒருமுறை பட்டது போதும்.

ஒருநாள் மத்தியானம் அவளாகவே, “இன்னைக்கு சாயந்தரம் பாடுதவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும் மாமி. முன்னால நின்னு பாக்கணும், சீக்கிரம் போவணும்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கிற வரிசையில் நிற்கப் போனாள். எனக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. பேசிச் சரிக்கட்டத் தெரியாதவள்தான் நான். இடம் பிடிக்கத் தெரியாதவளா? பாயை எடுத்தேன். பெரிய மேடைக்கு முன்னால் ஈ காக்கை இல்லை. கம்பித் தடுப்புக்கு நேர் எதிரே மயில் இரண்டும் மேடையைப் பார்க்கிற மாதிரி விரித்தேன். பிந்தி வருகிற பென்சிக்காக ஒரு ஓரத்தை மடக்கினேன். கை தானாக இன்னொரு ஓரத்தையும் மடக்கியது, உனக்காக. மூலைக்குக் கல் தேடினேன், அந்த மைதானத்தில் ஒரு கல் கிடையாது. செருப்பைக் கழற்றி இரண்டு மூலையில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு புல்லில் நடந்து காப்பி குடிக்கப் போனேன். எவ்வளவு நிம்மதியாகப் போனேன் தெரியுமா? பாய் கிடக்கிறதே, இனி என்ன!

காப்பிக்கு வரிசை. பிறகு முந்திரிக்கொத்துக் கிழவி பிடித்துக்கொண்டு பேசினாள், அவள் பாஷை எனக்குப் புரியாது, என் பாஷை அவளுக்குப் புரியாது, ஆனாலும் பேச்சு முடியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் மேடையே தெரியவில்லை மைனி. தலை, தலை, தலை. அத்தனை பேரும் நிற்கிறார்கள், உட்கார்ந்தவர் ஒருவர் இல்லை. என் பாய் அந்தக் கால்களுக்கெல்லாம் கீழே எங்கேயோ கிடக்கிறது. ஊரிலிருந்து உன்னுடைய பொருள் ஒன்றை இவ்வளவு தூரம் தூக்கி வந்து தொலைத்துவிட்டேனே, பென்சியிடம் என்ன சொல்வேன், அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்! உள்ளே நுழையப் பார்த்தேன், முடியவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் வெறுங்காலோடு நின்று அழுதேன்.

அப்போது முன்னால் யாரோ ஒரு மொட்டைத்தலை ஆள், கையெல்லாம் பச்சை குத்தியவன், பாயைத் தலைக்கு மேலே தூக்கி விரித்துப் பிடித்துக்கொண்டு யாருடையது என்று சத்தம் போடுகிறான். சேறும் சகதியுமாக என் மயில்கள்! “எலே, அது நம்ம பாயாக்கும்! இஞ்ச தா!” என்று நான் கத்தினேன். என்ன புரிந்ததோ, அவன் பின்னால் இருந்தவன் கையில் கொடுத்தான். அவன் அடுத்தவனுக்கு. பாய் தலைக்கு மேலே கைமாறிக் கைமாறி வருகிறது. கூட்டம் முழுக்கக் கைதட்டல். ஆனால் என்னிடம் வராமல் இடப்பக்கமாக ஒதுங்கிப் போகத் தொடங்கியது. நான் கையை ஆட்டுகிறேன், என் உயரத்துக்கு யார் கண்ணில் படும்?

அந்த நேரத்தில் ஒரு விசில் கேட்டது.

உன் விசில், மைனி. நாக்குக்கடியில் விரலை மடித்து அடிக்கிற அதே அடி. நீ வந்துவிட்டாய் என்றே நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். எல்லாத் தலையும் திரும்பியது, நானும் திரும்பினேன். வலப்பக்கத்து மேட்டில், ஈரத் தலையோடு, பென்சி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு விரலும் வாயில். மறுபடியும் அடித்தாள். பாய் திசை மாறி அவளை நோக்கிப் போனது. நான் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

போய்ச் சேர்ந்தபோது அவள் பாயை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். சட்டையெல்லாம் சேறு.

“இது அம்மைக்க பாய்.”

“ஆமா மக்கா.”

“இத எதுக்கு மாமி கொண்டு வந்தீங்க?”

“இடம் பிடிக்கத்தான். வேற எதுக்கு?”

“இஞ்ச எவளாவது பாய் விரிப்பாளா மாமி?” என்று சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. உன் கல்லறையில் அழாத பிள்ளை, அந்த மேட்டில், பாயைக் கட்டிக்கொண்டு, “அம்மா, அம்மா” என்று அழுதாள். நான் தடுக்கவில்லை. எனக்கும் அழ வேண்டியிருந்தது.

மேட்டிலேயே ஒரு மரத்தடியில் பாயை விரித்தோம். மேடை அங்கிருந்து உள்ளங்கை அளவுதான் தெரிந்தது. அவளுக்குப் பிடித்த பாட்டுக்காரி வந்தாள், மைதானமே ஓவென்று ஆர்ப்பரித்தது. முதல் பாட்டு பாதியில் திரும்பிப் பார்க்கிறேன், பென்சி மயில்கள் மேல் சுருண்டு படுத்து உறங்கிக்கொண்டிருக்கிறாள். இடி விழுகிற சத்தத்துக்கு நடுவே வாயைப் பிளந்துகொண்டு உறக்கம். என் சால்வையைப் போர்த்தினேன். அந்தப் பாட்டுக்காரி என்ன பாடினாள் என்று எனக்குத் தெரியாது, நான் பிள்ளையின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது எழுந்து கண்ணைக் கசக்கினாள்.

“பாட்டு முடிஞ்சுதா? என்னை எழுப்பக் கூடாதா மாமி?”

நீ இருந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதையே சொன்னேன்: “கிட பிள்ளே, அடுத்த வருஷமும் வரும்.”

செருப்பில் ஒன்றைத்தான் மறுநாள் கண்டெடுத்தோம்.

மீதி நாள்களில் நான் ஊர்ப் பேச்சை எடுக்கவே இல்லை. கூடாரத்தைப் பிரிக்கிற அன்று, கழுவித் துடைத்த பாயை அவள் கையில் கொடுத்தேன். ஊருக்கு வராவிட்டாலும் உன்னுடையது ஒன்று அவளிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். “நீ வச்சுக்கோ மக்கா. இதுல படுத்தா உனக்கு உறக்கம் வருது.”

அவள் வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் மயிலைத் தடவினாள். பிறகு என் பெட்டியைத் திறந்து, சேலையை விலக்கி, அடியில் வைத்துவிட்டாள்.

“இத இஞ்ச வச்சா, கும்பத்துல அங்க எத விரிப்பீங்க?”

நான் அவள் முகத்தையே பார்த்தேன். “நீ வாறியா?”

“ஜெபத்துக்கு வரல்ல மாமி. எல்லாரும் வந்து எனக்க முகத்தைப் பாத்து அழுவாங்க, என்னால ஆவாது. உற்சவத்துக்கு வாறேன்.”

“உற்சவத்துக்கு வந்தா ராத்திரி எங்க படுப்ப?”

“வீட்டுலதான். பின்ன கோயில் பறம்பிலயா?”

ஊருக்கு வந்ததும் அண்ணனிடம் சொன்னேன். அவர் பாயை வாங்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், நான் கழுவியது போதாது என்று மறுபடியும் தேய்த்துக் கழுவினார். கொடியில் விரித்துப் போட்டார். அன்று மத்தியானம் போன் அடித்தது. எனக்கல்ல, அவருக்கு, வீடியோ கால். “அப்பா, பாயை உணத்தினீங்களா? காட்டுங்க” என்றாள் உன் மகள். அவர் போனைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார். நடுவில் உன் அடுக்களையைக் கடந்துதான் போக வேண்டும். நான் பின்னாலேயே போனேன். துருவுபலகை, உன் டப்பாக்கள், ஜன்னலில் நீ மாட்டின துணி எல்லாம் போனில் ஓடியது. அவள் போனை வைக்கவில்லை, மைனி. “பைய நடங்கப்பா, ஒண்ணும் காணல்ல” என்று மட்டும் சொன்னாள்.

இப்போது பாய் உன் அலமாரிக்கு மேலே இருக்கிறது. கும்பத்தில் வெயில் தாழும் முன்பே போய்விடுவேன், இது சத்தியம். மேடைக்கு நேர் முன்னால் விரித்து, மூலைக்குக் கல் வைத்து (செருப்பை இனி நம்பமாட்டேன்), உன் ஓரத்தை மடக்கியே போடுவேன். அண்ணனையும் இந்தத் தடவை இழுத்துக்கொண்டு வருவேன். விசில் அடிக்க எனக்கு இன்னும் வராது. அதைப் பென்சி பார்த்துக்கொள்வாள், அவள் உறங்காமல் இருந்தால். உறங்கிவிட்டால் நான் எழுப்பமாட்டேன்.

இப்படிக்கு,
உனக்கு இடம் பிடித்து வைக்கும் உன் நாத்தூன்,
கிரேஸி